குழாயில் கட்டிய துணி

போன மாதம் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் அண்ணன் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பிள்ளைக்கு அங்கே தொழிற்பேட்டையில் வேலை. மூச்சு வாங்க மாடி ஏறி, கை கழுவலாமென்று அடுக்களைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். குழாயின் வாயில் ஒரு வெள்ளைத் துணி. நாலாக மடித்து நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அதன் நுனி கீழே எச்சில் தட்டுகள் கிடந்த தொட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. "இன்னா அத்தை, அப்டியே நின்னுட்ட?" என்று அவள் கேட்டாள். கண்முன்னால் அவளைப் பெற்றவள், என் அண்ணி, வந்து நின்றாள்.

அண்ணி ஆரணிக்காரி. பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை, ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் பக்கத்து ஆரணி. பொன்னேரிக்கு வாழ வந்தபோது சிரித்த முகமாகத்தான் வந்தாள். முதலில் பிறந்தது ஆண் பிள்ளை. தத்தித் தத்தி நடக்கிற வயதில் அவனைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுத் திருவிழாவுக்குப் போனவள், வெறுங்கையோடு திரும்பினாள். வாந்திபேதி. ஒருநாள் சாயங்காலம் விளையாடிய பிள்ளை மறுநாள் சாயங்காலம் இல்லை. குளத்துத் தண்ணீர்தான் காரணம் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு தண்ணீர் என்றால் அவளுக்கு நிம்மதி கிடையாது. தவலையின் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள், மோந்து பார்ப்பாள். யாராவது குடத்தோடு உள்ளே வந்தால் போதும், "இது எங்கருந்து வந்துச்சு, யார் கை பட்டுச்சு, அத்த மட்டும் சொல்லு" என்று வழிமறிப்பாள். கிணற்றுக் கயிறு தரையில் கிடந்தால் அந்தத் தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிடுவாள். குடிக்கிற தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் காய்ச்சுவாள். விறகு செலவைப் பார்த்து என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நானோ வாயாடி. "தண்ணில கண்டம்னு ஜோசியக்காரன் சொல்லிட்டானா அண்ணி? ஒன்னால பெரிய பேஜாரா கீது" என்று கேலி செய்வேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கேலி காதில் விழுந்தால்தானே கோபம் வரும்! அவள் கண் அடுத்த குடத்துக்குப் போயிருக்கும்.

பெண் பிறந்தாள். அந்தப் பெண் தவழத் தொடங்கிய சமயத்தில்தான் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது. ஆற்று மணலில் கிணறு, கரையில் எஞ்சின், ஊருக்கு நடுவில் உயரத் தொட்டி, அங்கிருந்து தெருவுக்கு ஒரு குழாய். ஊரே கும்பிட்டு வரவேற்ற அந்தத் தண்ணீரை அண்ணி மட்டும் உடனே நம்பிவிடவில்லை. ஒரு காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு ஆற்றுக்கே கிளம்பிவிட்டாள். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா, சுற்றி மாடு கட்டுகிறார்களா என்று பார்த்தாள். எஞ்சின்காரர் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, நீ இன்னா கவர்மெண்டு ஆளா?"

"கைக்கொயந்தக்காரி நைனா" என்றாள் அண்ணி.

அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறந்து காட்டினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அண்ணியின் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே! மல்லிகைப்பூ வாசம் பிடித்தவள் மாதிரி வீடு திரும்பினாள்.

ஆனால் அந்தக் குழாயில் இரண்டு கோளாறுகள் இருந்தன. தண்ணீர் எங்கள் தெருக்கோடிக்கு வந்து சேரும்போது மேலே ஏறச் சக்தி இல்லாமல் நூலாக வடிந்தது. தெருக்காரர்கள் குழாயின் வாயைத் தாழ இறக்கி, குடம் வைக்கக் கீழே குழி தோண்டிக்கொண்டார்கள். பொன்னேரியில் அநேகமாக எல்லாத் தெருவிலும் இதே கதைதான். இன்னொன்று, தண்ணீரோடு சிவப்புத் துரு வந்தது. துருவைக் கண்டால் அண்ணி சும்மா இருப்பாளா? டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். செத்துப்போன பிள்ளைக்குத் தூளி கட்டிய பழைய வேட்டி. துவைத்துத் துவைத்து வெண்ணெயாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறாள். "இது எதுக்கு அண்ணி, அபசகுனமா?" என்றேன்.

"தங்கச்சிக்கு அவனே வடிகட்டிக் குடுக்கட்டும்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளே போய்க் குழாயில் கட்டிவிட்டு வந்தாள். துரு நின்றது. தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம், நாளடைவில் அது தெருவின் துணியாகிவிட்டது. யார் கட்டியது என்றுகூட யாரும் கேட்கவில்லை. சுத்தமான கிணறு, மருந்து போட்ட தொட்டி, போதாததற்கு வடிகட்டின தண்ணீர். அண்ணி முதல்முறையாகக் காய்ச்சுவதை நிறுத்தினாள்.

மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தது. ஊர் முழுக்க இல்லை, எங்கள் தெருவில் மட்டும். இரண்டு பிள்ளைகள் படுத்தார்கள், எதிர்வீட்டுப் பெரியவர் படுத்தார். சைக்கிளில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், வேலையில் சுத்தம். கிணற்றைப் பார்த்தார், தொட்டி மேல் ஏறினார், குழாய் வழியாகவே நடந்து எங்கள் தெருவுக்கு வந்தார். துணியை அவிழ்த்துப் பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் கொடுத்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி, கிருமி சாகக் குழாயின் வாயைச் சுட்டார். தண்ணீரைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு, சீசாவில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து மெட்ராசுக்கு அனுப்பினார். அவர் சைக்கிள் ஏறியதும் துணியை வாங்கியவள் அதைத் திரும்பக் கட்டினாள். தண்ணீர் சுத்தம் என்று பதில் வந்தது. மறுபடி வந்தார், மறுபடி அவிழ்த்தார், சுட்டார், பிடித்தார். மறுபடியும் சுத்தம். "தண்ணி மேல குத்தம் இல்லம்மா, ஊட்ல ஈ மொய்க்காம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்வீட்டுப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி அந்த வாரமே வந்தது.

பிறகு எங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் கண்டது. ஒரே பகலில் கண் குழிந்துபோய், அழக்கூடத் தெம்பில்லாமல் மடியில் துவண்டு கிடந்தது. நாக்கு வறளக்கூடாது என்று அண்ணி சங்கு சங்காகத் தண்ணீர் புகட்டினாள். அதே குழாய்த் தண்ணீரை!

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் மூன்றாம் முறையாக வந்திருந்தார். குழந்தையைக் காட்டலாமென்று அண்ணி தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள், பின்னாலேயே நானும். அவர் துணியை அவிழ்த்து, எட்டின கைக்கு நீட்டினார். அது அண்ணியின் கை. வாங்கியவள் கையை உதறினாள். துணி பாசி பிடித்து வழவழத்தது. மோந்து பார்த்தாள். அதன் நுனி எப்போதும் கிடந்த இடத்தைப் பார்த்தாள். குழியில் சிந்திய தண்ணீர் கலங்கிக் கிடந்தது. காலையில்தான் யாரோ பிள்ளையின் பீத்துணியை அதில் அலசியிருந்தார்கள்.

"சார், நீங்க புடிக்கிறது நாங்க குடிக்கிற தண்ணி இல்ல சார்."

"இன்னாம்மா சொல்ற?"

"நாங்க இத்தக் கட்டிக்கினுதான் புடிக்கிறோம். இத்தோட புடிங்க."

இன்ஸ்பெக்டர் கையில் பஞ்சு எரிந்துகொண்டிருந்தது. விரலைச் சுட்ட பிறகுதான் கீழே போட்டார். "யாரும்மா இத்தக் கட்டினது?" என்று கேட்டார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நிஜமாகவே யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு மட்டும்தான் தெரியும், நான் உயிர் போனாலும் சொல்லியிருக்க மாட்டேன். கூட்டத்தில் எதிர்வீட்டுப் பெரியவரின் மருமகளும் நின்றிருந்தாள். அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், வாயைத் திறக்காதே என்று.

"நாந்தான் சார் கட்டினேன். எம்புள்ள தூளித் துணி."

"பெத்ததத் தின்னது போதாம ஊரத் தின்ன வந்தியாடி?" என்று கத்தினாள் அந்த மருமகள். அண்ணி குழந்தையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். எனக்கோ அந்த மருமகள் மயிரைப் பிடித்து இழுக்கலாமா என்றிருந்தது. ஆனால் மாமனாரைப் பறிகொடுத்தவளை என்ன சொல்வது?

இன்ஸ்பெக்டர் துணியோடு தண்ணீர் பிடித்து முடித்ததும் அண்ணியே அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள், மெட்ராசிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள். அந்தத் துணியை அடுப்புக்குள் திணித்தாள். ஈரத்துணி எரியாமல் புகைந்தது, புகை வீடெல்லாம் நிறைந்தது. ஊதி ஊதி அவள் அதை எரித்தே தீர்த்தாள். புகையால் வந்த கண்ணீரா என்று நான் கேட்கவில்லை. அந்த நெருப்பில் கொதித்த தண்ணீரை ஆறவைத்துச் சங்கில் எடுத்துக்கொண்டு, கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி கட்டினோம். வழியெல்லாம் அவள் பெண்ணின் காதில் எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். சலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் குழந்தை வீறிட்டு அழுதது. அப்படி ஒரு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

துணியோடு பிடித்த தண்ணீர் கெட்டது என்று பதில் வந்தது. குழியை மூடிக் குழாயை உயர்த்தினார்கள். தண்ணீர் முன்னைவிட மெல்லிசாக வடிந்தது, காத்துக்கிடந்து பிடித்தோம். அண்ணி சாகும்வரை காய்ச்சினாள். நானும் காய்ச்சுகிறேன்.

அந்தக் குழந்தைதான், தலை நரைத்துப் போய், கும்மிடிப்பூண்டி அடுக்களையில் என் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். "இத்த ஏன் கட்டின?" என்று அதட்டினேன்.

"அம்மா நம்ம தெருக் கொயாய்ல துணி கட்டி, தெருவுக்கே வடிகட்டிக் குடுத்தாங்களாமே. பொன்னேரில எல்லாரும் சொல்வாங்க. அத்த நெனச்சிக்கினுதான் நானும் கட்டினேன். அம்மாவோட பழைய வெள்ளச் சீல ஒண்ணு இருந்துச்சு, அதுல கிழிச்சேன்."

அண்ணி கட்டியதை மட்டும் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. என் ஆத்திரம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், என் விரல்களுக்கு அது மசியவில்லை.

"உங்கம்மாதான் கட்டினா கண்ணு. அத்த அவுத்ததும் உங்கம்மாதான். அத்த யாரும் உனக்குச் சொல்லலியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அடுப்புல தண்ணி வையி. இத்த அவுத்துக்கினே கேளு, சொல்றேன்" என்றேன்.