முதல் பக்கத்தில் பென்சில்

நேற்று முன்தினம் மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குப் பார்சல் வந்தது. எங்களுக்குப் பிடித்த மர்மக்கதை ஆசிரியர் முடிக்காமல் இறந்துபோன நாவலை அவர் மகள் எழுதி முடித்திருக்கிறாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிரித்ததும் பசை வாசனை.

அறுபதுகளில் எங்கள் ஜங்லிகாட் வீட்டில் கப்பல் வந்த அன்று அதே வாசனை வரும். அவருடைய தொடர்கதை வந்த வார இதழ்கள் ஐந்தாறு ஒரே கட்டாக இறங்கும். ஒருமுறை கடைசி அத்தியாயத்துக்கு நானும் அம்மாவும் முப்பத்தேழு நாள் காத்திருந்தோம். கப்பல் ஜெட்டியில் வேலை பார்த்த அண்ணன் கட்டைத் தூக்கி வரும் வழியிலேயே படித்துவிட்டு, முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: கொன்றது டாக்டர்.

"அரே, ஜஹாஸ்லேர்ந்து தூக்கிட்டு வந்தது நானாச்சே" என்று சிரித்தார். அம்மா இதழை மூடிவிட்டாள். கடைசிவரை அதைப் படிக்கவில்லை.

அண்ணனுக்கு இப்போது எண்பத்து மூன்று. கராச்சர்மாவிலிருந்து தினமும் போனில், "புஸ்தகம் வந்துச்சாடா?" என்பார். இரண்டே நாளில் படித்து முடித்து, இன்று காலை பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.

மதியம் போன் வந்தது.

"டேய், மொதப் பக்கத்துல என்னடா எழுதி வச்சிருக்க?"

"கொன்னவன் பேருண்ணே. அம்மாவுக்கு நீங்க எழுதின மாதிரியே."

அவர் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"படிங்கண்ணே," என்றேன். "இன்னும் நானூத்திப் பதினோரு பக்கம் இருக்கு."