பெயரை வெட்டிய பாட்டு

கொழும்பு வெள்ளவத்தையில் ‘பேசினேன்’ என்று யோசிக்காமல் சொல்லிவிடக் கூடாது. வந்த புதிதில், மேல்வீட்டுச் சிவகுமாரி அக்காவிடம், “உங்க பொண்ணுகிட்ட லிஃப்டுல பேசினேன்” என்றேன். அவர் முகம் கறுத்தது. “ஏன், பிள்ளை என்ன பிழை செய்தவள்?” என்று கேட்டார். இங்கே பேசுவது என்றால் ஏசுவது. நாம் பேசுவதை இவர்கள் கதைப்பது என்கிறார்கள். கும்பகோணத்திலிருந்து வந்து இங்கே ஒரு பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் எனக்கு, சொந்த மொழியிலேயே அடிக்கடி இப்படிக் கால் இடறும்.

பழைய இசைத்தட்டு சேர்ப்பது எனக்கு ஊரிலேயே தொற்றிய நோய். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய தளபாடக் கடையில், ஆடாமல் இருக்க அலமாரியின் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஒரு தட்டு கிடைத்தது. வீட்டில் துடைத்துப் போட்டேன். காம்போதியில் ஒரு விருத்தம். அந்தக் காலத்தில் பாடி முடித்ததும் தங்கள் பெயரைச் சொல்லிவிடும் பாடகிகள் இருந்தார்கள். இவளும் மூச்சு வாங்க, “கும்பகோணம் பங்கஜவல்லி” என்றாள். கடல் தாண்டி வந்த இடத்தில் என் ஊர்ப்பெயரைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

சில மாதங்களுக்குப் பிறகு அதே விருத்தம் புதிய தட்டாக வெளிவந்தது. ஆசையோடு வாங்கினேன். இளஞ்சிவப்புத் தட்டு, உறையில் பாதிக்கண் மூடிய ஒரு பெண்ணின் ஓவியம், கீழே ‘பெயர் அறியா தேவதை’ என்று எழுத்து. இரைச்சலை நீக்குகிறேன் என்று அவள் மூச்சையும் சேர்த்துச் சுரண்டியிருந்தார்கள். குரல் உரித்த கோழி போல வழவழவென்றிருந்தது. கடைசியில் அவள் பெயர் சொல்லும் இடத்தில் வெறும் மௌனம்.

அந்தத் தட்டை வெளியிட்ட இளைஞனின் அலுவலகம் கொள்ளுப்பிட்டியில் இருந்தது. தட்டோடு போய் நின்ற என்னைப் பார்த்ததும், பணத்தைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டான். அவளுக்குப் பெயர் இருக்கிறது, அதை ஏன் வெட்டினாய் என்றேன். அவன் நிதானமாகச் சொன்னான்: “நாங்களா வெட்டேல்ல, மிஸ். ஃபமிலிதான் வெட்டச் சொன்னது. செலவும் அவையின்ட.” எந்தக் குடும்பம் என்று கேட்டேன். அவன் சொன்ன முகவரி என் அடுக்குமாடியினுடையது. எனக்கு மேலே ஒரு மாடி.

சிவகுமாரி அக்கா ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நான் வந்த காரணம் தெரிந்தும் முதலில் தேநீர்தான் கொடுத்தார். பங்கஜவல்லி அவருடைய அப்பாவைப் பெற்றவளாம். தேவதாசிக் குடும்பத்துப் பெண். கச்சேரிக்கு வந்து கொட்டாஞ்சேனையிலேயே தங்கிவிட்டாளாம். அக்காவின் அப்பா கடைசிக் காலத்தில் இந்த ஒரு பாட்டைத்தான் கேட்டுக் கேட்டு அழுதாராம்.

“அதால பாட்டு இருக்கட்டும் எண்டு நினைச்சன். பேர் வேண்டாம். மகளுக்குச் சம்பந்தம் பாக்கிறம். பேரைப் பிடிச்சு ஆரும் கிண்டினால்?”

“அவங்க உங்க ரத்தம் இல்லையாக்கா?”

“எங்களிட்ட இருந்த தட்டைப் பதிவு முடிஞ்ச கையோட உடைச்சுப் போட்டன். உங்களிட்ட இருக்கிறதையும் தாங்கோ.” சற்று நிறுத்திக் கேட்டார்: “உங்கட ஊரில அப்பிடி ஒரு வீட்டில பெண் எடுப்பினமோ?”

என் அப்பா காலையில் வானொலிச் சங்கீதம் கேட்காமல் காபியைத் தொடமாட்டார். ஆனால் கோயிலுக்குப் பின்னால் அந்தப் பெண்கள் குடியிருந்த தெருவைக் கடக்கும்போது, வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும், குடையை அந்த வீடுகளின் பக்கமே சாய்த்துக்கொண்டு நடப்பார். அக்காவின் கூடத்தில் நான் கண்ட அருவருப்பு எங்கள் ஊர்ச் சரக்கு. பங்கஜவல்லியோடு அதே கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது. தட்டைத் தரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். அன்றிலிருந்து அக்கா என்னோடு கதைப்பதில்லை.

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டபோது தட்டை வீட்டில் விட்டுப்போக மனம் துணியவில்லை. என் வீட்டின் மாற்றுச் சாவி அக்காவிடம் இருந்தது. திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தட்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். கும்பகோணத்தில் அதை அண்ணனிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திரு என்றேன். முழுக் கதையையும் கேட்டவன் கையிலிருந்ததைச் சட்டென்று மேசையில் வைத்தான். “அந்தத் தெரு ஆளுங்க சாமானை நம்ம வீட்டுல எங்கேம்மா வைக்கிறது? நாளைக்கு நாலு பேர் வந்து போற இடம்.” பிறகு குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். அக்காவாவது எனக்குத் தேநீர் கொடுத்தார்.

திரும்பும்போதும் அதை மடியில் வைத்துக்கொண்டே பறந்தேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி துணியைப் பிரித்துப் பார்த்தார். பழம்பொருள் என்று நான் சொன்னதும், “லங்காவெத, இந்தியாவெத?” என்று சிங்களத்தில் கேட்டார். இலங்கையினுடையதா, இந்தியாவினுடையதா என்று கேட்கிறார் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் அவளைத் தன்னுடையவள் என்று எந்த ஊர் சொன்னது, நான் பதில் சொல்ல? சிங்களம் தெரியாதவள் என்று நினைத்து, அதையே ஆங்கிலத்தில் இன்னும் மெதுவாகக் கேட்டார். பின்னால் நின்றவரின் தள்ளுவண்டி என் குதிகாலை இடித்தது. தட்டை நெஞ்சோடு அணைத்தபடி நான் அங்கேயே நின்றேன்.