டிரெஸ்ஸிங் டேபிளுக்கு வந்த வரன்

என் அறையில் பக்கவாட்டாகத்தான் நடக்க முடியும். கதவைத் திறந்தால் முதலில் டிராயர் அலமாரி வயிற்றில் இடிக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போனால் கட்டில். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று கண்ணாடி வைத்த டிரெஸ்ஸிங் டேபிள். அதற்கு எதிரே இன்னொன்று, வட்டக் கண்ணாடியோடு. ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டும். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்பா, கடைக்கு நடந்து போகிற தூரத்தில் வாங்கிய ஃப்ளாட். ஒரே பிள்ளை என்பதால் ஒரு அறை முழுசாக எனக்குக் கிடைத்தது. அதை நானே இப்படி நிரப்பினேன்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் செய்த படுக்கையறைச் சாமான்கள்மேல் எனக்குப் பைத்தியம். சிங்க முகம், கொடி, பூவேலை இதெல்லாம் வேண்டாம். அவை இன்னும் பழசு, அவற்றுக்கு வேறு பைத்தியங்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவை எந்த அலங்காரமும் இல்லாமல் நேர்கோட்டில் நிற்பவை. கால்கள் மட்டும் கீழே போகப்போக மெலிந்து, கொஞ்சம் வெளியே சாய்ந்திருக்கும், ஓடுவதற்குத் தயாராக நிற்கிற கன்றுக்குட்டிபோல. யாரோ வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு படத்தைக் காட்டியிருப்பார்கள், இங்கே ஒரு தச்சர் தேக்கில் அதைத் தன் கணக்குக்குச் செய்திருப்பார். மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஒரு வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் சனிக்கிழமை காலையில் வாசலில் போய் நிற்பேன். பெருங்குடி ஆபீஸில் வாரம் முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணுக்கு ஒரு டிராயரை இழுத்துப் பார்ப்பதுபோல மருந்து கிடையாது.

அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது. "யாரு படுத்துச் செத்த கட்டிலோ. அதத் தூக்கிக் கொண்டாந்து நடுவீட்டுல போடுதா," என்பாள். அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் பேச்சு மட்டும் வண்டி ஏறவில்லை.

மூன்று கண்ணாடி டேபிள் வந்த அன்றுதான் எல்லாம் மாறியது. அடையாறிலிருந்து குட்டியானை வண்டியில் வந்தது. ஏற்றி இறக்குகிற அண்ணன் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு படியேறினார். கீழ்வீட்டு மாமி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, கல்யாணமா? சொல்லவே இல்ல," என்றார் அண்ணன்.

"இல்லண்ணே, எனக்குத்தான்."

"ஒண்டி ஆளுக்கு மூணு கண்ணாடி இன்னாத்துக்கு? ஒண்ணுல நீ, ஒண்ணுல மாப்ள, நடுவுல மாமியாரா?"

மேலே நின்றிருந்த அம்மா சிரித்துவிட்டாள். என் சாமான் வரும்போது அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

"நிச்சயம் ஆயிடுத்தா? எங்காத்துல ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார் மாமி.

"இன்னும் இல்ல மாமி. இப்பமே ஒண்ணொண்ணாச் சேக்கா," என்றாள் அம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் டேபிள் படியிலிருந்தே திரும்பிப் போகும். உள்ளே வந்தால் போதும் என்று இருந்தது.

அதற்குப் பிறகு அம்மாவின் பேச்சில் செத்தவர்கள் யாரும் வரவில்லை. அம்மா துணியில் எண்ணெய் தொட்டுக் கால்களைத் துடைத்தாள். ஊருக்குப் பேசும்போது என் சாமான்கள் 'சீர் சாமான்' ஆயின. கட்டில், பீரோ, கண்ணாடி என்று பெண் வீட்டார் அடுக்கிக் கொடுக்கிற வரிசையில் என் கன்றுக்குட்டிக் கால்கள் போய் நின்றுகொண்டன. "நாங்க ஒண்ணும் வாங்க வேண்டாம். பிள்ளையே எல்லாம் வாங்கிட்டு," என்று அம்மா போனில் சொல்வது சமையலறையிலிருந்து கேட்கும். ஆபீஸ் தோழியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "மச்சி, நீ இப்ப பொண்ணு இல்ல. காம்போ ஆஃபர்," என்றாள்.

ஆஃபரைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அவனுடைய அம்மா, ஒரு மாமா. பையனின் அம்மா என்னைப் பார்த்த நேரத்தைவிடக் கட்டிலைப் பார்த்த நேரம் அதிகம். தலைமாட்டுப் பலகையை விரல் முட்டியால் தட்டினார்.

"தேக்கா அண்ணாச்சி?"

"பர்மா தேக்கு," என்றார் அப்பா. அப்பாவுக்குத் துணி தெரியும். மரம் தெரியாது.

"கண்ணாடி மூணும் நல்ல தெளிவு மைனி. இந்தக் காலத்துல எவன் இப்படிச் செய்யுதான்?" என்றார் அந்த அம்மா என் அம்மாவிடம். இருவரும் அதற்குள் ஒருவருக்கொருவர் மைனி, அதாவது அண்ணி, ஆகியிருந்தார்கள்.

பிறகு வழக்கம்போல, பிள்ளைகள் தனியாகப் பேசட்டும் என்றார்கள். ஹாலில் பெரியவர்கள். பால்கனியில் வாஷிங் மெஷின். ஆகவே என் அறை. கதவு ஒரு சாண் திறந்தே இருந்தது. உட்காரக் கட்டிலைத் தவிர வேறு இடமில்லை, அதில் இருவரும் உட்காரமாட்டோம். இரண்டு டிரெஸ்ஸிங் டேபிளுக்கும் நடுவில் நின்றோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடியில் நாங்கள்தான் நின்றோம்.

"இவ்வளவும் நீங்களே வாங்கினதா?" என்றான்.

"ஆமா."

"ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஃப்ளாட்ல இதெல்லாம் வைக்க முடியாது. புது பில்டிங். வாட்ரோப், டிரெஸ்ஸர் எல்லாம் சுவத்தோட சேத்தே அடிச்சுட்டாங்க."

அந்த இடத்தில் நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சரி, அப்படியென்றால் ஒத்துவராது என்று இருவரும் சிரித்த முகமாக வெளியே போயிருக்கலாம். ஆனால் என் சாமான்களை ஒருவன் என் எதிரிலேயே வேண்டாம் என்கிறான். எனக்குச் சுரீரென்றது.

"சுவத்தோட அடிச்சதுன்னா பிளைவுட்டா?"

"ஆமா. மேல வெள்ளை லேமினேட். பத்து வருஷம் வாரண்டி."

"பத்து வருஷமா? இது உங்க அப்பாவைவிட வயசு கூட. குனிஞ்சு பாருங்க."

அவன் குனிந்தான். மூன்று கண்ணாடி டேபிளின் கீழ் டிராயரை முழுசாக வெளியே இழுத்து மூலையைக் காட்டினேன். ஒரு ஆணிகூடக் கிடையாது, இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல மரத்துக்குள் மரம். அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். யாரும் பார்க்காத இடத்தையும் இழைத்திருந்தார்கள். பிறகு டிராயரை உள்ளே வைத்து மெதுவாகத் தள்ளச் சொன்னேன். அவன் தள்ளியதும், மேலே இருந்த டிராயர் தானாகக் கொஞ்சம் வெளியே வந்தது. உள்ளிருக்கும் காற்று போக வழியில்லாமல் அதைத் தள்ளுகிறது, அவ்வளவு இறுக்கமான வேலை. அவன் அதை உள்ளே தள்ளினான். கீழ் டிராயர் வெளியே வந்தது. சின்னப் பையன்போலச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

"உங்க பெட்ரூம் எவ்ளோ பெருசு?" என்றேன்.

"பத்துக்குப் பன்னெண்டு."

"ஜன்னல்?"

"கிழக்க."

அளவு நாடா என் கைப்பையிலேயே இருக்கும். எடுத்துவிட்டேன். உற்சாகம் வந்தால் என் குரல் ஏறும், அது எனக்கே தெரியாது. "கட்டில ஜன்னல் பக்கமாத் தலை வச்சுப் போடலாம். மூணு கண்ணாடி இந்த மூலையில. காலைல வெயில் அதுல பட்டா ரூம் முழுக்க வெளிச்சம். அலமாரிதான் இடிக்குது. வாட்ரோப்ல ஒரு பக்கத்தக் கழட்ட முடியுமா?"

"கழட்டலாம். அம்மாகிட்ட கேக்கணும்."

"அப்ப எல்லாமே வச்சிரலாம்."

அதைச் சொன்ன பிறகுதான் ஹாலில் பேச்சே இல்லை என்பது உறைத்தது. காபி டம்ளர் வைக்கிற சத்தம்கூட இல்லை.

வெளியே வந்தோம். எல்லோரும் எங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஒரு பக்கம் என்ன தாயி, ரெண்டு பக்கமும் கழட்டிருவோம்," என்று சொல்லிக்கொண்டே என் தலையில் வைத்துவிட்டார். எங்கள் ஆட்களில் பெண் தலையில் மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். என் கையில் அளவு நாடா நீண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதை வாங்கிச் சுருட்டினார்.

அவர்கள் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன்.

"நான் டேபிளப் பத்திதான்மா பேசுனேன்."

"கட்டில் எங்க போடணும்னு சொன்னது யாரு?"

"அது கட்டிலப் பத்தி."

"கட்டிலப் பத்தி ஒரு பயகிட்ட வேற எதுக்குட்டி பேசுவாவ?"

அம்மா கெட்டிக்காரி.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தபோது என் அறை மூடாக்குப் போட்டுக் கிடந்தது. கட்டில், டேபிள்கள், எல்லாவற்றின் மேலும் பழைய பெட்ஷீட். என் தலையணை ஹால் சோபாவில். "கல்யாணம் வரைக்கும் ஒரு கீறல் விழக்கூடாது. நீ இங்கன படு," என்றாள் அம்மா. அலமாரி டிராயரைத் திறந்தேன். என் துணிகள் இல்லை. வெள்ளிக் குங்குமச் சிமிழ், பித்தளை விளக்கு, செய்தித்தாளில் சுற்றிய எவர்சில்வர் சம்புடங்கள். வாடகை கொடுக்காமல் குடிவந்துவிட்டன.

சோபாவில் படுத்தபடி யோசித்தேன். இது சீர் இல்லை என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது, எல்லாவற்றையும் விற்றுவிடுவது. வைத்துக்கொண்டால் நானும் அவற்றோடு போயாக வேண்டும். விற்றுவிட்டால் நான் தப்பிப்பேன், ஆனால் எதைக் காப்பாற்றிக்கொள்ளத் தப்பிக்கிறேனோ அது இருக்காது. தோழி அடையாறில் தன் அறையில் பாதியைத் தருகிறேன் என்றாள். போய்ப் பார்த்தேன். இரும்புக் கட்டில், இரும்பு பீரோ, மூன்றாவது மாடி, ஆள் திரும்பவே இடமில்லாத படிக்கட்டு. நான் மட்டும் போகலாம். வட்டக் கண்ணாடிகூடப் போகாது. விற்பனைக்கு என்று ஒரு படம் எடுத்து இணையத்தில் போட்டேன். முதலில் வந்த கேள்வி, "கட்டிலும் சேர்த்துக் கிடைக்குமா? மகள் கல்யாணத்துக்கு." படத்தை நீக்கிவிட்டேன்.

கடைசியில் ஆபீஸ் படிக்கட்டில் நின்று அந்தப் பையனுக்கு போன் செய்தேன்.

"நான் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லல. சாமானப் பத்தித்தான் பேசுனேன்."

"எனக்கு அப்பவே தெரியும்," என்றான்.

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"யாரும் எங்கிட்ட அவ்ளோ ஆசையா எதப் பத்தியும் பேசினதில்ல. கேட்டுட்டே நின்னுட்டேன்."

"நீங்க வேண்டாம்னு சொல்லிடுறீங்களா?"

"சொன்னா அடுத்து ஒருத்தன் வருவான். அவன் ரூமுக்கும் அளவெடுப்பீங்களா?" என்றான். குத்தலாகத்தான் சொன்னான், நியாயமான குத்தல். பிறகு அவனே குரலைத் தணித்துக்கொண்டான். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா பொண்ணுமேல குறைன்னு பேசுவாங்க. எங்க வீட்டை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை அப்பா கடைக்குக் கிளம்பும்போது சொன்னேன். பார்க்க வந்தவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியாது, என் மரச்சாமானைக் காட்டித்தான் அவரோடு பேசினேன், அதை வைத்து என்னை அனுப்பாதீர்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அப்பா செருப்பில் ஒரு காலை மட்டும் விட்டபடி நின்றார்.

"பூ வச்சாச்சே பிள்ள."

"வாடிப்போச்சுப்பா. அன்னைக்கே எடுத்துட்டேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். "போன் போட்டுச் சொல்லிருதேன்," என்றார். மறு செருப்பையும் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவ்வளவுதான். இதைச் சொல்லத் தயங்கித்தான் அத்தனை நாள் சோபாவில் படுத்திருந்தேன்.

நான் அறைக்குள் போய் பெட்ஷீட்களை உருவினேன். மேல் டிராயர்கள் இரண்டையும் திறந்து சம்புடங்களை ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் எடுத்து வைத்தேன். அம்மா அழுவாள் அல்லது கத்துவாள் என்று காத்திருந்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக இருந்தது. அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத எங்க கொண்டு வைக்கப் போற? வேற எங்க எடம் கெடக்கு?"

"இது என் அலமாரிம்மா."

"யாரு இல்லைன்னா? மேல ரெண்ட நீ எடுத்துக்க. கீழ உள்ளது கெடக்கட்டும்." உள்ளே வந்து, நான் வெளியே எடுத்ததைக் கீழ் டிராயரில் நெருக்கி அடுக்கினாள். "இனி வாரவங்கள மொட்டை மாடியில வச்சுப் பேசச் சொல்லுவோம். அங்க உனக்குப் பேச ஒண்ணும் கெடைக்காது."

அவள் கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இடம்தான் தப்பாகிவிட்டது என்று உண்மையாகவே நினைத்தாள்.

மேலே இரண்டு டிராயரும் காலியாக இருந்தன. ஹாலில் கிடந்த என் துணிகளை எடுத்து வரப் போனேன்.