பூங்கோதைக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்?

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சின்னம்மா போன் பண்ணினார். குரலில் ஒரு பதற்றம். "ஏய், உனக்கும் அந்த வாட்ஸ்அப் கார்டு வந்துச்சா? பொண்ணு வீட்டுக்காரங்க வெள்ளைக்காரங்களா? என்கிட்ட யாருமே சொல்லலையே லா!"

எனக்கும் வந்திருந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பையனின் கல்யாண அழைப்பு. தங்க மயில், தானாக விரியும் தாமரை, பின்னணியில் நாதஸ்வரம். எல்லாம் சரிதான். பெண்ணின் பெற்றோர் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் 'லோரம் இப்சம்' என்று ஆரம்பித்து ஆங்கில எழுத்தில் இரண்டு வரி ஓடியது. சின்னம்மா அதை அப்பா பெயர் லோரம், அம்மா பெயர் இப்சம் என்று படித்துவிட்டு ராத்திரியெல்லாம் குழம்பியிருக்கிறார்.

"அது பேரு இல்ல சின்னம்மா. டிசைன் பண்ணும்போது எழுத்து எப்படி உட்காருதுன்னு பார்க்க சும்மா போடுறது. பையன் மாத்த மறந்துட்டான்."

"அர்த்தமில்லாததை எதுக்குப் போடணும்?"

நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் நானும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஒரு கடைக்குள் உட்கார்ந்திருந்தேன். பதில் இன்றுவரை எனக்கு முழுசாகப் பிடிபட்டதாகச் சொல்ல முடியாது.

அது கிள்ளானில், லிட்டில் இந்தியாவில் இருந்த கல்யாணக் கார்டு கடை. பள்ளிப்படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை. கதவைத் தள்ளினால் மையும் பசையும் கலந்த ஒரு வாசனை வரும். அதன்மேல் கார்டுகளுக்குத் தெளிக்கும் சந்தன சென்ட். போதாததற்குப் பக்கத்துக் கடையில் சுடும் வடை. வீட்டுக்குப் போனால் என் தலைமுடியில் இந்த நான்கும் இருக்கும். அம்மா என்னைத் தள்ளி உட்காரச் சொல்வார்.

முதலாளி சேகர் அண்ணன். ஆங்கில மாதிரிக் கார்டுகள் கோலாலம்பூரிலிருந்து பெட்டியாக வரும். எல்லாவற்றிலும் அந்த லோரம் இப்சம்தான். முதல் நாள் அதை நான் மாதா கோவில் ஜெபம் என்று நினைத்துக்கொண்டு, கீழே வைக்காமல் மரியாதையாக மேல் தட்டில் அடுக்கினேன். சேகர் அண்ணன் சிரித்தார். "அது லத்தீன்மா. யாருக்கும் புரியக் கூடாதுன்னுதான் போடுறாங்க. புரிஞ்சா படிக்க உட்கார்ந்துடுவாங்க, டிசைனைப் பார்க்க மாட்டாங்க."

பிற்பாடு தெரிந்துகொண்டேன். ரொம்பப் பழைய காலத்து ரோமானியர் ஒருவர் இன்பத்தையும் துன்பத்தையும் பற்றி எழுதியதை யாரோ கண்டபடி வெட்டி ஒட்டியதுதான் அது. அந்த முதல் சொல்லே, வலி என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லின் தலையை வெட்டிவிட்டு மீந்த பகுதியாம். யார் வெட்டினார், எப்போது வெட்டினார் என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எப்படியோ, கல்யாணக் கார்டில் தலைவெட்டப்பட்ட வலி வந்து முதலில் நிற்பது எனக்கு இப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

தமிழ்க் கார்டுக்கு அது உதவாது. நம் எழுத்துகளுக்கு மேலே கொம்பும் சுழியும், கீழே காலும் வாலும் உண்டு. லத்தீனை வைத்து அளவெடுத்துவிட்டுத் தமிழைப் போட்டால் ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். அதனால் சேகர் அண்ணன் தானே ஒரு கல்யாணத்தை உண்டாக்கி வைத்திருந்தார். மணமகன் அன்பழகன், மணமகள் பூங்கோதை. இடம், கிள்ளான் முருகன் ஆலயம். நாள், வருகின்ற ஞாயிற்றுக்கிழமை. தேதி கிடையாது. மிச்சமிருந்த இடத்தை 'அன்புடையீர் வணக்கம்' என்று திரும்பத் திரும்ப அடித்து நிரப்பியிருந்தார். மாதிரிக் கார்டு எல்லாவற்றிலும் பூங்கோதைக்குத்தான் கல்யாணம்.

ஒரு நாள் மத்தியானம், அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரம், பெரிய உடம்பும் செம்பனை எண்ணெய்க் கறை படிந்த சட்டையுமாக ஒருவர் உள்ளே வந்தார். கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வருவதாகச் சொன்னார். பேர் முத்தையா. கையில் எங்கள் மாதிரிக் கார்டு. பின்பக்கத்தில் கடைப் பெயர் இருந்ததைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறார்.

"இந்தக் கல்யாணம் எந்த ஞாயித்துக்கெழமைம்மா?"

நான் கார்டைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "இது உங்களுக்கு எப்படி அங்கிள் வந்துச்சு?"

உறையை நீட்டினார். 'அண்ணன் முத்தையா குடும்பத்தார்' என்று பேனாவால் எழுதியிருந்தது. "இது என் தங்கச்சி லெட்சுமி எழுத்து. எங்களுக்குள்ள ரொம்ப வருஷமா பேச்சு இல்ல. இப்பத்தான் கார்டு அனுப்பியிருக்கா. ஆனா அவ மக பேரு புவனா. இந்தப் பூங்கோதை யாருன்னு தெரியல. பேசாம இருந்த காலத்துல இன்னொரு பிள்ள பொறந்திருக்குமோன்னு பார்த்தேன். அப்படியே பொறந்திருந்தாலும் கல்யாண வயசு வந்திருக்காதே?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மனிதர் இதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"அங்கிள், இது டம்மி. பூங்கோதைன்னு யாரும் இல்ல. சும்மா போட்டது."

அவர் முகம் மாறிவிட்டது. "சும்மாவா? அப்ப என் தங்கச்சி என்னைச் சும்மாதான் கூப்பிட்டிருக்காளா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கென்ன தெரியும்? தங்கச்சி வேண்டுமென்றே அனுப்பினாரோ, தவறிப்போய் வந்ததோ. தெரிந்ததைச் சொன்னேன்: "உக்காருங்க அங்கிள். பாஸ் வந்துடுவாரு."

அவர் உட்காரவில்லை. கார்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் போனார். நல்லவேளை, சேகர் அண்ணன் பல்லைக் குத்திக்கொண்டே அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் குச்சியை எறிந்துவிட்டு, மகள் கல்யாணக் கார்டை எங்களிடமே அடித்திருந்த லெட்சுமி அக்காவுக்குப் போன் அடித்தார். அக்கா இரண்டு கடை தள்ளி, கல்யாணச் சேலைக்கு ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தார். இரண்டு கையிலும் பைகள். அண்ணனைப் பார்க்கவே இல்லை. நேரே சேகர் அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"என்னா பாஸ், யாருக்கு வேணும்னாலும் மாத்திப் போட்டிருக்கலாம்ல? என் அண்ணனுக்குப் போய் இப்படிப் பண்ணிட்டீங்களே! புவனாவுக்குத் தாய்மாமன் அவரு! அவரு வரலைன்னா நான் மேடையில யாரை நிறுத்துவேன்?"

"அக்கா, மாதிரி பார்க்க நீங்கதான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க..."

"நான் அதை அன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டேன்!"

யார் சொன்னது சரி என்று இன்றும் எனக்குத் தெரியாது. இருவரும் உறுதியாகச் சொன்னார்கள். அந்தக் கார்டு எப்படி அந்த உறைக்குள் போனது என்பது யாருக்கும் விளங்கவேயில்லை. சத்தம் அடங்கியபோது முத்தையா கதவருகே அப்படியே நின்றார். 'என் அண்ணன்' என்ற சொல் கடைக்குள் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. சொன்னவர் இனி எப்படித் திரும்பிப் பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சுவரிடமே கேட்டார். "சாப்டியாண்ணே?"

"இன்னும் இல்ல."

"மணி என்னா ஆவுது? சுகரை வச்சுக்கிட்டு..."

சுகர் இருப்பது தங்கைக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் அப்போது யோசிக்கவில்லை.

சேகர் அண்ணன் சரியான கார்டு ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "கடையில வச்சா குடுக்கிறது? அண்ணி கையில, வெத்தலை பாக்கோட வீட்டுல வச்சுக் குடுக்கணும்." அதற்குள் முத்தையா இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டார். வெளியே அவருடைய பழைய வேன் நின்றது. முன் சீட்டில் ஏதோ இரும்புச் சாமான். அதைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டுத் தோள் துண்டால் சீட்டைத் துடைத்தார். அக்கா ஏறினார். இருவரும் கேரி தீவுக்குப் போனார்கள்.

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு மண்டபம். புவனாவுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தது முத்தையாதான். வழி முழுக்க அழுதுகொண்டே வந்தார். புகைப்படக்காரர் "அங்கிள், கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சியும் பலனில்லை. பந்தியில் என்னைக் கண்டுபிடித்து, என் இலையில் இன்னொரு கேசரி வைக்கச் சொன்னார். பக்கத்திலிருந்த தங்கையிடம் என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளதான் என்னைக் கடையில உக்காரச் சொன்னுச்சு" என்றார். நான் செய்தது அவ்வளவுதான் என்பது உண்மை.

எதற்காக அத்தனை வருஷம் பேசாமல் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. லெட்சுமி அக்கா ஒருமுறை தானாகவே சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "இல்ல, அது அதுக்கு முந்தி" என்றார். பிறகு அதுவும் இல்லை என்றார். அப்புறம் தேநீர் வந்தது.

கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். சேகர் அண்ணன் மகளோடு ஜொகூர் போனவர், அங்கேயே காலமாகிவிட்டதாகக் கேள்வி. கேரி தீவில் முத்தையா இருந்த வீட்டு வரிசையை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். குடும்பம் எங்கே போனது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. போன மாதம் கிள்ளானுக்குப் போனபோது அந்த மண்டபத்தைப் பார்க்கலாமே என்று கடைத்தெருவுக்குப் பின்னால் நடந்தேன். கார் நிறுத்துமிடமாகிவிட்டது. வாசல் இந்தப் பக்கம் என்றால் மேடை அந்த மூலையில் இருந்திருக்க வேண்டும். வாசல் அந்தப் பக்கம் என்றால் இந்த மூலையில். வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன். பிடிபடவில்லை. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. நான் நின்றிருந்தது அந்தக் காரை நிறுத்த வேண்டிய இடம்.