ஆமைக்கு மூடி, காக்காய்க்குச் சோறு

எங்கள் வீட்டு ஓவனில் ஒருநாளும் எதுவும் வெந்ததில்லை. கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே அது அம்மாவின் வாணலிகளும் இட்லிப் பானையும் தங்கும் இடம். அதற்குள்ளிருந்த கம்பித் தட்டுகள் கராஜ் சுவரில் புதுக் கருக்கு அழியாமல் சாய்ந்து நின்றன. அவற்றுக்கும் ஒரு வேலை வந்தது, நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடத்தில்.

பிஸ்கட் எங்களிடம் வந்ததும் அந்த வருடம்தான். பக்கத்து வீட்டு அமெரிக்க ஆன்ட்டியின் மகன் காலேஜுக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன தரை ஆமை அது. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த அளவு இருக்கும். நிறத்தைப் பார்த்து நான்தான் பெயர் வைத்தேன். கொடுக்கும்போதே ஆன்ட்டி, கூண்டுக்கு அவசியம் மூடி போடச் சொன்னார். அப்பா ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான்கு பக்கமும் பலகை அடித்தார், அது ஒளிந்துகொள்ள ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்தார், மூடி மட்டும் போடவில்லை.

"ஆமை என்ன பறந்தா போயிடப் போகுது?" என்றார்.

மூடி என்பது உள்ளே இருப்பது வெளியே போகாமலிருக்க என்றே அவர் நினைத்தார். இத்தனை பெரிய ஆபீஸில் வேலை பார்க்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

இலை உதிரும் சமயத்தில் ஊரிலிருந்து போன் வந்தது. தஞ்சாவூரில் தாத்தா, அப்பாவின் அப்பா, இறந்துவிட்டார். அப்பா மூத்த பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டியவர். ஆனால் எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றுகொண்டிருந்தது. இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வருவது கஷ்டம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். அந்த நேரத்தில் அப்பா கராஜில் நிறுத்தியிருந்த காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கேயாவது போகப்போகிறாரா, நானும் வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார். ஆனால் தினமும் காலையில் குளித்த கையோடு, அம்மா வடித்த சோற்றில் முதல் பிடியை எடுத்து, பருப்பும் நெய்யும் விட்டு, பின்பக்க வேலியோரம் கிடந்த மரப் பெஞ்சில் காக்காய்க்கு வைத்தார். வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிடுவார். காக்கைகள் இல்லாமலில்லை. ஓக் மரத்தில் வரிசையாக உட்கார்ந்து அப்பாவை வேடிக்கை பார்த்தன. அந்த ஊர்க் காக்கைகளுக்குப் பள்ளிக்கூட வாசலில் சிந்திய சிப்ஸைத் தெரியும், பருப்புச் சோற்றை யார் காட்டினார்கள்? வைத்த சோற்றைக் காக்காய் தொடாவிட்டால் போனவருக்கு ஏதோ மனக்குறை என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. ஆபீஸுக்கு நேரமாகும்வரை நின்றுவிட்டு, தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போவார். வைத்ததைத் திரும்ப எடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் காலை பார்த்தால் தட்டு வழித்துத் துடைத்துக் கிடந்தது. அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா வந்துட்டார்" என்றார்.

அன்றைக்கு ரசம் சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார். மறுநாளும் தட்டு காலி. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். யாரும் பார்க்காதபோது வந்து சாப்பிடுவதில் அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. "அவருக்கு எப்பவுமே தனியா உக்காந்து சாப்பிட்டாத்தான் பிடிக்கும்" என்றார். வீட்டில் பழையபடி பேச்சுச் சத்தம் வந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

ஒரு காலை, அப்பா கிளம்பிப் போனபிறகு, பிஸ்கட்டுக்குக் கீரை போடப் போன நான் அலறினேன். பூந்தொட்டி உருண்டு கிடந்தது. பிஸ்கட் மல்லாந்து கிடந்தது. முன்னங்கால் ஒன்றில் ரத்தம், ஓட்டின் ஓரத்தில் பல் பட்ட தடம். செத்துவிட்டது என்றே நினைத்தேன். அம்மா தூக்கியபோது மெல்லக் காலை உள்ளே இழுத்துக்கொண்டது.

சத்தம் கேட்டு ஆன்ட்டி ஓடிவந்தார். ஈர மண்ணில் குழந்தையின் கை போல் குட்டிக் குட்டித் தடங்கள் பெஞ்சுக்கும் கூண்டுக்கும் இடையே போய்வந்திருந்தன. ரக்கூன் என்றார் ஆன்ட்டி, பூனையைவிடக் கொஞ்சம் பெரிய அந்த ஊர்க் காட்டு மிருகம். இருட்டினதும் வரும், ஆமையின் காலைப் பிடித்து இழுத்துக் கடிக்கும், அதற்குத்தான் மூடி போடச் சொன்னேன் என்றார். வெளியே ஏதாவது சாப்பாடு வைக்கிறீர்களா என்றும் கேட்டார். அம்மா பெஞ்சைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அன்றைய பருப்புச் சோறு அதில் இருந்தது.

ஆன்ட்டியின் காரிலேயே டாக்டரிடம் போனோம். கால் பிழைத்துவிடும், இன்னொரு தடவை அகப்பட்டால் ஆமை பிழைக்காது என்றார் அவர். திரும்பி வரும்போது ஷூ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அம்மா, டாட் இஸ் ஃபீடிங் த ரக்கூன்! டெல் ஹிம் டு ஸ்டாப்!"

"பிஸ்கட்டை நான் பாத்துக்கறேன். நீ அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதே. இப்பத்தான் மனுஷன் சாப்பிடவே ஆரம்பிச்சிருக்கார்."

அன்று மத்தியானமே ஓவன் தட்டுகள் கூண்டின் மேல் ஏறின. அம்மா அவற்றை மூலைக்கு மூலை கம்பியால் முறுக்கிக் கட்டி, போதாதென்று மெட்ராஸிலிருந்து சுமந்து வந்த அம்மிக் குழவியையும் தூக்கி மேலே வைத்தாள். அப்பாவிடம், பூனை பிராண்டிவிட்டது என்றாள்.

சோற்றுக்கும் ஒரு வழி செய்தாள். அப்பாவின் கார் தெருமுனை திரும்பியதும் தட்டை உள்ளே எடுத்துவந்து, சிங்க் பக்கத்தில் நின்றபடியே அதைச் சாப்பிட்டுவிடுவாள். பிறகு தட்டைக் கழுவித் துடைத்துப் பழையபடி பெஞ்சில் வைத்துவிடுவாள். அது தாத்தாவுடையது என்று நான் ஆட்சேபித்தேன். "தாத்தா பேரைச் சொல்லி வெச்சதைக் குப்பையில கொட்ட முடியுமா?" என்றாள். சாயங்காலம் அப்பா வந்ததும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்ப்பார். காலித் தட்டைப் பார்த்ததும் முகம் தெளிந்துவிடும். அவரை ஏமாற்றுகிறோமே என்று நான்தான் அந்த முகத்தைப் பார்க்காமல் உள்ளே ஓடிவிடுவேன்.

ஒரு சாயங்காலம், இன்னும் இருட்டாதபோதே, ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். ரக்கூன் என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. தடங்கள், பெஞ்ச், டாக்டர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இனி அப்பா மறுபடியும் சாப்பிடமாட்டார், காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வார் என்று நான் நடுங்கிப்போனேன். அப்பா காலித் தட்டைப் பார்த்தார். ஓவன் தட்டுகளையும் குழவியையும் பார்த்தார். ஆன்ட்டிக்கு நன்றி சொன்னார். குறடு எடுத்துவந்து, கூண்டின் ஒரு மூலையில் தளர்ந்திருந்த கம்பியை இறுக்கினார். உள்ளே வந்து கை கழுவினார்.

மறுநாள் காலை அவர் காக்காய்க்குச் சோறு எடுத்துவைக்கிறார் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. அதுவும் ஒரு பிடியில்லை, தட்டு நிறைய. அதன் மேல் அன்றைக்குச் செய்த கத்தரிக்காய்க் கறியை வைத்தார், ஒரு அப்பளத்தையும் வைத்தார். தாத்தாவுக்குக் கத்தரிக்காய் ஆகவே ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். கத்தரிக்காய் என்றால் உயிரை விடுகிறவள் அம்மா. தாத்தா இதைத் தொடமாட்டாரே என்று நினைவுபடுத்தினேன்.

"இப்பல்லாம் சாப்பிடறார்மா" என்றார் அப்பா.

பிறகு இன்னொரு தட்டை எடுத்து அதன் மேல் கவிழ்த்து மூடினார். மூடியிருந்தால் காக்காய் எப்படிச் சாப்பிடும் என்று கேட்டேன். "ஆறிடும்ல" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சை நோக்கி நடந்தார். அடுப்புப் பக்கம் நின்ற அம்மா திரும்பவேயில்லை, புறங்கையால் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் நறுக்கியிருப்பாள் என்று நினைத்தேன். ஆமைக்குப் போடாத மூடியைச் சோற்றுக்குப் போடுகிறாரே, இவ்வளவு நடந்தும் அப்பாவுக்கு மூடி எதற்கென்று புரியவேயில்லையே என்றும் நினைத்துக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடினேன்.