செருப்புக் கால் படாத வண்டி

செருப்புக் கால் படாதவரை எங்கள் மோட்டார் சைக்கிள் நடுவழியில் நிற்காது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அந்த நம்பிக்கைக்கு ஒரு வாசனை உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா பெட்ரோல் டாங்கின்மேல் இடும் சந்தனம் எஞ்சின் சூட்டில் காய்ந்து, பெட்ரோல் நெடியோடு கலந்து எழுப்புகிற வாசனை அது. டாங்கின்மேல் உட்கார வைக்கப்படும் சிறுமியாக நான் இருந்ததால், அது என் பாவாடையில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை கூடவே வரும்.

வண்டி வாங்கிய அன்று நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டபோது, பூசாரி ஹேண்டிலில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டே, “செருப்புக் கால் படாம வச்சுக்குங்க, பாதியில நிக்காது” என்றாராம். வேறு யாராவதாக இருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். நிலமெல்லாம் கைவிட்டுப் போய்த் தஞ்சாவூர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்த அப்பாவுக்கு, ஊர் இன்னமும் ‘பண்ணை வீடு’ என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டின் வாசலில் நிறுத்த மிச்சமிருந்த பெருமை அந்த வண்டி ஒன்றுதான். வெறுங்காலால் உதைத்துக் கிளப்புவார், வெறுங்காலோடு ஓட்டுவார். பின்னால் ஏறுபவர் யாரானாலும் செருப்பைக் கழற்றி, ஹேண்டிலில் தொங்கும் ‘மஞ்சப்பை’யில் போட்ட பிறகே ஏற வேண்டும். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்ததும், “சாமி வண்டி வருது, செருப்பக் கழட்டுங்கடா!” என்று டீக்கடை பெஞ்சிலிருந்து குரல் வரும். அப்பா அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அவரை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியதும், பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்ட உறவுக்காரர்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியதும் அப்பாதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் அன்பில்லாதவர் அல்லர். படித்து முடித்துப் பல ஆண்டுகள் காத்திருந்த பிறகு, ஓர் ஐப்பசியில், சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச் சொல்லி அத்தைக்குத் தஞ்சாவூரிலிருந்து அழைப்பு வந்தது. காலை பத்து மணிக்குள் நேரில் நிற்க வேண்டும். தவறினால் அடுத்த அழைப்புக்குள் வயது வரம்பு தாண்டிவிடும். வேலை இல்லையென்று ஆகிவிட்டால், தை பிறந்ததும் அவரை இரண்டாந்தாரமாகக் கேட்டு வந்திருந்த ஓர் அரிசி மில்காரருக்குக் கொடுத்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அந்த மனிதரின் மூத்த மகளுக்கும் அத்தைக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அத்தை சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, வாயை நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண் டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்ததால் நானும் போனேன். டாங்கின்மேல் நான், எனக்குப் பின்னால் அப்பா, அவருக்கும் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து அத்தை. விடியும்வரை அடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாலியமங்கலத்துக்கு முன்னால், இருபுறமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்த இடத்தில், சாலையில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கி ஏறிய வண்டி, இருமுவதுபோல் இரண்டு முறை குலுங்கிவிட்டு நின்றது.

அப்பா முதலில் பிளக்கைப் பார்க்கவில்லை. அத்தையின் பாதங்களைப் பார்த்தார்.

“யாரு செருப்புக் கால வச்சது?”

“பையில கெடக்குண்ணா. நீங்களே பாருங்க.”

பையைப் பிரித்துப் பார்த்தார். பிறகு குனிந்து, ரப்பர் உறை தேய்ந்து போய் வெறும் இரும்பாக இருந்த பின் கால்மிதியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவினார்.

“கெளம்பும்போது வச்சிருப்ப. பதட்டத்துல ஒனக்கு எதுவும் தெரியாது.”

அதற்குப் பிறகு உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். பிளக்கைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மாட்டினார். நெரிசலாக வந்த பேருந்து ஒன்று கைகாட்டியும் நிற்காமல் எங்கள்மேல் சேற்றை வாரியடித்துவிட்டுப் போயிற்று. அத்தை பிளாஸ்டிக் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அது போன திசையையே பார்த்து நின்றார்.

அப்போதுதான் அந்த இளைஞர் தன் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டினார். மதியழகன் என்ற அவர் பெயர் எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

“என்ன சார், தண்ணி பூந்துடுச்சா? இங்க மெக்கானிக் கெடையாது. சாலியமங்கலம் வரைக்கும் கால் வச்சுத் தள்ளிட்டு வர்றேன், அங்கேருந்து பஸ் புடிச்சுடலாம். நீங்க ஹேண்டில மட்டும் ஆட்டாம புடிங்க.”

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற உதவிதான். நின்றுபோன வண்டியின் பின் கால்மிதியில், பக்கத்தில் வருபவர் தன் இடது காலை ஊன்றித் தன் வண்டியின் வேகத்தாலேயே இதையும் தள்ளிக்கொண்டு போவார். அப்பா மனம் குளிர்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்குமுன் சொன்னார்:

“செருப்ப மட்டும் கழட்டிட்டு வைங்க தம்பி.”

அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். “எந்த ஊரு சார் நீங்க?”

அப்பா ஊர்ப் பெயரையும் வீட்டுப் பெயரையும் சேர்த்தே சொன்னார்.

“அதானே பாத்தேன். எங்க தாத்தா ஒங்க தெருவத் தாண்டுற வரைக்கும் செருப்பக் கையில தூக்கிட்டுத்தான் போவாராம். அதெல்லாம் அவரோட போச்சுன்னு நெனச்சேன்.”

“ஐயையோ, அது வேற தம்பி! இது சாமி காரியம். பாருங்க, நானே போடுறதில்ல.” அப்பா ஒற்றைக் காலைத் தூக்கி, காய்ப்பு ஏறிய உள்ளங்காலைக் காட்டினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தத் தெருவிலிருந்து வந்த ஒருவர் அந்தச் சாலையில் நின்று அதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் காதில் என்னவாக விழும் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

“ஈரக் காலு, இரும்புல வழுக்கும் சார். வேணும்னா அக்காவ மட்டும் எம் பின்னால ஏத்திட்டுப் போயி விட்டுடட்டுமா? மணி ஆவுதுல்ல?”

அத்தை ஓரடி முன்னால் வைத்தார். அப்பா திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், வைத்த அடி பின்னால் போயிற்று.

மதியழகன் அத்தையின் முகத்தையும் அவர் கையிலிருந்த பொட்டலத்தையும் பார்த்தார். “சரிக்கா, அழுவாதீங்க. ஒங்களுக்காகத்தான்” என்று செருப்பைக் கழற்றித் தன் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் நன்றாகவே போனோம். எஞ்சின் சத்தமில்லாமல் வண்டி ஓடுவது எனக்கு விளையாட்டாக இருந்தது. வாய்க்கால் மதகின்மேல் சாலை மேடாகி இறங்குகிற இடத்தில் வண்டி தூக்கிப்போட, அந்த ஈரப் பாதம் இரும்பிலிருந்து நழுவிப் பின்சக்கரத்தின் கம்பிகளுக்குள் போனது. இரண்டு வண்டிகளும் சாய்ந்தன. எங்களுக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அவர் எழவில்லை. நடவிலிருந்த பெண்கள் சேற்றுக் கையோடு ஓடி வந்து சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பித் திருப்பிக் காலை எடுத்தார்கள். அதை நான் பார்த்தேன், இங்கே எழுதப்போவதில்லை.

“வெறுங்காலயா தம்பி வச்ச?” என்று ஒரு பெண் அவர் தலையைத் தன் மடியில் தாங்கியபடி கதறினாள்.

“போடக் கூடாதுன்னாங்க” என்றார் அவர்.

சாலையில் ஆட்கள் கூடியதால் அடுத்து வந்த பேருந்து நிற்க வேண்டியதாயிற்று. அத்தை தன் புதுப் புடவையின் முந்தானையை அந்தப் பாதத்தில் வைத்து அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அப்பா அத்தையின் கையைப் பிடித்து எழுப்பினார்.

“அண்ணா, இவரு…”

“ஆளுங்கதான் வந்துட்டாங்கல்ல. மணி என்ன ஆவுது தெரியுமா? ஏறு.”

அத்தை ஏறினார். பேருந்தின் பின் கண்ணாடி வழியே, மஞ்சள் பையை ஹேண்டிலில் தொங்கவிட்டபடி சாய்ந்து கிடந்த எங்கள் வண்டியும், அதைச் சுற்றி வந்து குனிந்த முதுகுகளும் சிறுத்துக்கொண்டே போயின. பத்து மணிக்குள் அத்தை வரிசையில் நின்றுவிட்டார்.

வேலை கிடைத்தது. அரிசி மில்காரருக்கு முடியாது என்று சொல்லியனுப்பினார்கள். வீட்டில் நம்பிக்கை தளரும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. வண்டி நின்றதற்குக் காரணம் அத்தையின் கவனக்குறைவு என்றும், நின்ற பிறகும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதன் சக்தி என்றும் அப்பா அண்டை அயலாரிடம் சொன்னார். அம்மா ஒரு படி மேலே போனார். “மொகத்தச் சுளிச்சுக்கிட்டே கழட்டுனானாமே, அதான் சாமி காட்டிடுச்சு” என்று, அடுத்த வெள்ளிக்கிழமை அந்த டாங்கைத் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டே சொன்னார். கழுவி எடுத்து வந்திருந்த பின்சக்கரத்துக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

அத்தை வேலையில் சேர்ந்தபின் யாருக்கும் சொல்லாமல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். நான் கல்லூரிக்குப் போன பிறகே இதை என்னிடம் சொன்னார். வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த மதியழகனின் தாயார், இவர் இன்னார் என்று தெரிந்ததும், அத்தையின் கால்களைப் பார்த்து, “செருப்பக் கழட்டிட்டு வா” என்றாராம். அத்தை வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்து நின்றார். மதியழகனின் கால்விரல்களை எடுத்துவிட்டார்கள் என்பதைக் கட்டே சொன்னது. “வேல கெடச்சுதாக்கா?” என்று மதியழகன் கேட்டிருக்கிறார். கிடைத்தது என்றதும், “அப்ப சரி, ஒருத்தராவது போயிச் சேந்தீங்களே” என்று சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

இப்போது அந்தச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள், மதகு இருந்த மேடு தெரியவில்லை. போன ஆண்டு அந்த வழியில் என் ஸ்கூட்டர் நின்றபோது, ஒரு போன் பேசியதும் கொக்கி வைத்த வேன் வந்தது. ஓட்டி வந்தவர் பூட்ஸ் காலோடு ஸ்கூட்டரின்மேல் ஏறி நின்று பெல்ட்டை இறுக்கினார். எங்கள் பழைய வண்டி இரும்புக் கடைக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. அது இருந்தவரை அப்பா வெறுங்காலோடுதான் ஓட்டினார்.

அத்தை திருமணம் செய்துகொள்ளவில்லை. தலைமையாசிரியராகி ஓய்வு பெற்ற மறுமாதம், மதியழகனின் ஊரை எப்படியோ விசாரித்து வைத்திருந்து, என்னை அழைத்துக்கொண்டு போனார். வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் மனைவி நாங்கள் யார் என்று கேட்டறிந்தார். வீட்டுக்குப் பின்னால் போய் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பி வந்தார். படலைத் திறக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

“வேலையா இருக்காராம். நீங்க போயிட்டு வாங்கக்கா.”

வீட்டுக்குப் பின்னால் நாற்றங்கால் வரப்பில், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து போகும் ஒருவரின் முதுகு தெரிந்தது. அத்தை அவர் திரும்புவாரா என்று வெகுநேரம் நின்று பார்த்தார்.

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அத்தை இருக்கிறார், நான் இருக்கிறேன். அந்த வரப்பில் அவரும் இருக்கிறார்.