பால்மரக் கன்றுக்கு ஒட்டுக் கட்டிய நாட்கள்

ஒட்டுக் கட்டுகிற வேலையில் பாதியைக் கத்தி செய்கிறது, மீதியைச் செடி செய்கிறது. நடுவில் நிற்கிற நமக்குப் பயப்படுவது ஒன்றுதான் வேலை.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எழுதுவதும் அடிப்பதுமாகவே இருக்கிறேன். தப்பாகச் சொல்லிவிடுவேனோ, பட்டைக்கு உள்ளே இருப்பதை வெளியே இருப்பதாக எழுதி, அதை நம்பி யாராவது நல்ல மரத்தைக் கெடுத்துவிடுவார்களோ என்று பயம். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பெக்கோக் ரயில் நிலையத்தில் வேலை பார்க்கும் என் மருமகன் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். விஷயத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது. நாற்று மேட்டில் குனிந்து குனிந்து முதுகு போன சகோதரிகளே, நீங்களாவது என்னைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சவரம்

நான் முதலில் பால் வெட்டப் போனவள்தான். பால்மரம் என்கிற ரப்பர் மரத்தின் பட்டையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே இருப்பது காய்ந்த தோல். அதன் கீழே, கத்தி பட்டால் மணல் மாதிரி நறநறவென்கிற ஒரு பட்டை. அதில் பால் அதிகம் கிடையாது. இன்னும் உள்ளே போனால் மெத்தென்ற பட்டை. பால் ஓடுகிற நுண்ணிய குழாய்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் சாய்வாக ஏறுகின்றன. அதனால்தான் நாமும் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்த்து வெட்டுகிறோம். அப்படி வெட்டினால் நிறையக் குழாய்கள் அறுபடும். அந்த மெத்தென்ற பட்டைக்கும் உள்ளே இருக்கும் கட்டைக்கும் நடுவில் வழுவழுவென்று ஓர் ஈரச் சவ்வு. புதுப் பட்டையும் புதுக் கட்டையும் பிறப்பது அதிலிருந்துதான். கத்தி அதைத் தாண்டினால் அந்த இடம் கழலை கழலையாக வீங்கிவிடும். பிறகு அங்கே கத்தி ஓடாது.

இவ்வளவையும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் வினையாகப் போயிற்று. சவ்வைத் தொட்டுவிடுவேனோ என்ற பயத்தில் மணல் பட்டையோடு கத்தியை நிறுத்திக்கொள்வேன். என் கையால் ஒரு மரத்துக்கும் காயம் வந்ததில்லை. என் வாளியில் பாலும் வந்ததில்லை. அதுவோ ரப்பர் விலை விழுந்த காலம். தேவைப்படாத ஆட்களை மலாயாவிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்ப நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே இறங்கினால் என்னை யாரென்று கேட்க ஒரு நாதி கிடையாது. புருஷனை இங்கேதான் புதைத்தேன். ஒரே மகள் பெக்கோக்கில் கட்டிக்கொடுத்த இடத்தில் முழுகாமல் இருந்தாள். என்னைக் கப்பலில் ஏற்றிவிட்டால் அவள் பிரசவத்துக்கு யார் இருப்பார்கள் என்பதே எனக்கு எந்நேரமும் நினைப்பு.

எங்கள் வேலைக்கூட்டத்தை மேய்க்கிற தண்டலாக இருந்தவர் முத்தையா. ஒரு நாள் என் பின்னாலேயே வந்தார். நான் சீவிப் போட்ட சீவலைப் பொறுக்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் அன்றைக்கே என் பேரைக் கப்பலுக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நாளையிலிருந்து நாற்று மேட்டுக்குப் போ, ஒட்டுக் கட்டக் கற்றுக்கொள், அங்கேயும் தேறாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அவர் நன்றாக இருக்கட்டும். போகிறபோது திரும்பிப் பார்த்து அவர் சொன்னது இது: "நீ பால் வெட்டல, காத்தாயி. மரத்துக்குச் சவரம் பண்ணிக்கிட்டு இருக்க."

குருட்டுக் கண்

நாற்று மேட்டில் எங்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் பாக் சர்மின் என்ற ஜாவாக்காரர். மலாயும் தோட்டத்துத் தமிழும் கலந்து பேசுவார். பெண்களை எல்லாம் 'மாக்' என்பார். மலாயில் அது அம்மா; பாக் என்றால் அப்பா. அவர் காட்டியது இதுதான். நன்றாகப் பால் கொடுக்கிற மரத்தின் கிளையில், இலைக்காம்பு விழுந்த தழும்புக்கு மேலே ஒரு கண், அதாவது முளை விடுகிற மொட்டு, உறங்கிக்கொண்டிருக்கும். அதைப் பட்டையோடு, பின்னால் கொஞ்சம் கட்டையும் சேர்த்துச் சீவி எடுக்க வேண்டும். விதை போட்டு முளைத்த கன்றின் அடியில் பட்டையைக் கீறி, வழிகிற பாலை வடியவிட்டுத் துடைத்து, கதவு மாதிரித் திறக்க வேண்டும். கண்ணின் பின்னால் இருக்கும் கட்டையை மெல்லப் பிரித்து எறிந்துவிட்டு, பட்டையை அந்தக் கதவுக்குள் வைத்து, மெழுகுத் துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். வேர் ஒரு மரம், தலை வேறொரு மரம்.

கட்டையைப் பிரிக்கிற இடத்தில்தான் எங்களுக்கு உயிர் போகும். அவசரப்பட்டு இழுத்தால் கண்ணின் குருத்தும் கட்டையோடு போய்விடும். வெளியே பார்த்தால் கண் அப்படியே இருக்கும். திருப்பிப் பார்த்தால் நடுவில் ஊசி குத்தினது போல ஓர் ஓட்டை. அதை வைத்துக் கட்டினால் ஒட்டிக்கொள்ளும், பச்சையாகவும் இருக்கும், முளை மட்டும் விடாது. நான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வெயிலில் காட்டிக் காயவிட்டேன். என் பக்கத்து வரிசைக்காரி அஞ்சலை ஒன்றையும் திருப்பிப் பார்க்காமல் கட்டித் தள்ளினாள். அவள் கட்டியதில் ஒன்று மாதக்கணக்கில் பச்சை மாறாமல், முளைக்காமல், சும்மாவே இருந்தது. பாக் சர்மின் அதைக் காட்டி என்னவென்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: "அது எங்க மாமியா மாதிரி, பாக். நல்லாத்தான் இருக்கும். ஒண்ணும் செய்யாது."

மஞ்சள்

அஞ்சலையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வாய் நீளமே தவிர மனது இளகினவள். கன்றின் பட்டையைக் கீறும்போது பால் வழிவதைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் கால் கிழிந்தால் நாம் என்ன செய்வோம்? மஞ்சள் வைப்போம். லயத்து வீட்டிலிருந்து மடியில் முடிந்துகொண்டு வந்து, கதவைத் திறந்த இடத்தில் எல்லாம் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் தடவி, அதன்மேல் கண்ணை வைத்துக் கட்டினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது நல்லதாகவே பட்டது. அன்று என்னிடம் மஞ்சள் இல்லாமல் போனது தெய்வச் செயல்.

கட்டுத் துணியை அவிழ்த்தபோது அந்த வரிசை முழுவதும் கருகிக் கிடந்தது. பாக் சர்மின் ஒன்றை விரலால் சுரண்டி, மஞ்சளை முகர்ந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கோபப்படாமல் உட்கார்ந்து விளக்கினார். கன்றின் ஈரச் சவ்வும் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஈரச் சவ்வும் நேருக்கு நேர் ஒட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டும் வளர்ந்து ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும், கன்றின் வேர் இழுக்கிற தண்ணீர் கண்ணுக்குப் போகும். நடுவில் தூள் இருக்கக் கூடாது, எண்ணெய் இருக்கக் கூடாது, நம் விரல்கூடப் படக் கூடாது. "இது காயம் இல்ல மாக், இது காவின்" என்றார். காவின் என்றால் கல்யாணம். அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு திருப்பிக் கேட்டாள்: "கல்யாணம்னா மஞ்சள் இல்லாம எப்படி, பாக்?"

கீழே போனது

ஒட்டு பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் கன்றின் தலையை வெட்டிவிட வேண்டும். மேலே தழை இருக்கிற வரைக்கும் கீழே இருக்கும் கண் எழுந்திருக்காது. தலை போனால்தான் அதற்கு விழிப்பு வரும். முதல் முறை வெட்டியபோது நான் அழுதேவிட்டேன். நல்ல கன்றைக் கொன்றுவிட்டேன் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு காலையில் கண்ணின் நுனி பருத்துச் செம்பழுப்பாக எட்டிப் பார்த்தது. பக்கத்துக் கன்றிலும் அப்படியே. அந்தச் சந்தோஷத்தை நான் எழுதிக் காட்ட முடியாது.

ஆனால் என் வரிசையில் ஒரே ஒரு முளை மட்டும் தரையைப் பார்த்து வளர்ந்தது. ஓட்டை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்ததில் கண்ணைத் தலைகீழாக வைத்துக் கட்டியிருக்கிறேன். தழும்பு கீழேயும் கண் மேலேயும் இருக்க வேண்டியது மாறிப்போய்விட்டது. அந்த முளை நாலு விரல் கீழே போய், அங்கே வளைந்து, தூண்டில் முள் மாதிரி மேலே திரும்பியது. செடிக்கு மேலே எது கீழே எது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் அன்று கன்றுகளைப் பார்வையிட வந்திருந்தார். குடையை ஊன்றிக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். என் பேரைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு இப்படிச் சொல்லிவிட்டுப் போனார்: "பறவாயில்லைப் பிள்ளை. கீழை போய்ப் பாத்து, அங்கை ஒண்டும் இல்லை எண்டு தெரிஞ்ச பிறகுதான் மேலை வருது."

சோறு இல்லை

அவர் மன்னித்தாலும் என் மனம் அடங்கவில்லை. அதற்குப் பிறகு கட்டிய ஒவ்வொன்றும் தலைகீழாக இருக்குமோ என்று சந்தேகம். கட்டினால் மூன்று வாரம் தொடக் கூடாது. நான் மூன்று நாள் தாங்கமாட்டேன். மத்தியானம் மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போகிற நேரத்தில் கட்டுத் துணியை லேசாகத் தளர்த்தி உள்ளே பார்ப்பேன். சரியாக இருக்கும். மறுபடி கட்டுவேன். சரியாகக் கட்டினேனா என்று மறுபடி அவிழ்ப்பேன். ஒட்டத் தொடங்கின சவ்வு ஒவ்வொரு முறையும் விலகி, காற்றுப் பட்டுக் காய்ந்து, அந்த வரிசை பாதிக்கு மேல் செத்தது. பாக் சர்மின் தூரத்தில் என்னைப் பார்த்துவிட்டால் "ஜாங்கான் புக்கா! திறக்காத மாக்!" என்று கத்திக்கொண்டே ஓடி வருவார்.

அந்த வாரம் முத்தையா வந்து எங்களை நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னார். நாற்று மேட்டுக்கு இனி பாதி ஆள் போதுமாம். அடுத்துக் கட்டுகிற வரிசையில் யாருடைய ஒட்டு நன்றாகப் பிடிக்கிறதோ அவர்கள் இருப்பார்கள், மற்றவர்களுக்குக் கப்பல். என் மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். நான் பாக் சர்மினிடம் போய், என் கையைக் கட்டிப் போட்டுவிடுங்கள் என்றுகூடக் கெஞ்சினேன். அவர் செத்துப்போன கன்றுகளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கோபமாகச் சொல்ல வேண்டியதை இரக்கமாகச் சொன்னார்: "வெந்துருச்சான்னு தொறந்து பாக்க இது நாசி இல்ல மாக், சோறு இல்ல."

மாற்றுக் காவல்

கடைசி வரிசையைக் கட்டினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தழும்பைக் கீழே பார்த்து வைத்து, ஓட்டை இல்லாத கண்ணாகத் தேர்ந்து, இறுக்கமும் இல்லாமல் தளர்ச்சியும் இல்லாமல் கட்டினேன். கட்டி முடித்ததும் நேராக அஞ்சலையிடம் போனேன். என் வரிசையை நீ பார்த்துக்கொள், உன் வரிசையை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னை என் கன்றுகள் பக்கமே விடாதே என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டி, ஒன் வரிசை கெட்டா எனக்குத்தானே எடம்?" என்றாள். "அதுக்குத்தான் ஒங்கிட்ட தர்றேன். அதுக்கு ஏதாச்சும் ஆனா ஒன்னத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. நீ தொடமாட்ட" என்றேன். "நல்லாத்தாண்டி யோசிக்கிற" என்றாள்.

மூன்று வாரமும் அவள் என் வரிசைத் தலைமாட்டிலேயே உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். நான் அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தால் களைக்கொட்டைத் தூக்கிக் காட்டினாள். அவள் கன்றுகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். அதிசயம், அவளுடைய கட்டுகளை அவிழ்த்துப் பார்க்க என் கை ஒருமுறைகூடத் துடிக்கவில்லை. அவிழ்க்கிற நாள் வந்தது. முத்தையாவும் கிராணியாரும் நிற்க, பாக் சர்மின் என் முதல் கன்றின் கட்டுத் துணியைப் பிரித்து, ஒட்டின பட்டையை நகத்தால் சுரண்டினார். பச்சை. அந்தப் பச்சையில் ஒரு துளிப் பால் வெள்ளையாக ஊறி நின்றது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்ததும் பச்சை, அதற்கடுத்ததும். அஞ்சலையுடையதும் அப்படியே. எங்கள் இருவரையும் நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த மாதம் என் பேத்தி பிறந்தபோது தண்ணீர் காயவைத்துக் கொடுக்க நான் பக்கத்தில் இருந்தேன். அந்தத் துளிப் பாலுக்கும், முத்தையாவுக்கும், பாக் சர்மினுக்கும், எல்லாருக்கும் மேலாக அஞ்சலைக்கும் நான் பட்ட கடன் தீராது. அன்று மண்ணில் உட்கார்ந்திருந்த என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, கண்ணெல்லாம் உள்ளே போய் வாடிக் கிடந்த அவள் கேட்டாள்: "ஒன் வரிசையப் பாத்துப் பாத்து எனக்குச் சோறு எறங்கல, தூக்கம் புடிக்கல. ஒனக்கு எப்படிடி தெனமும் இப்படிப் பயப்பட முடியுது?"

அன்றிலிருந்து இன்றுவரை என் கட்டுகளுக்கு அவள் காவல், அவள் கட்டுகளுக்கு நான் காவல்; கன்றுகள் தழைக்கின்றன, கப்பல் என்னை விட்டுவிட்டுப் போயிற்று, என் பயத்தில் பாதி மட்டும் அஞ்சலை வீட்டுக்குக் குடிபோய்விட்டது.